விமர்சன வள்ளல்கள்

மயிலுக்குப் போர்வை கொடுத்தான் பேகன். மயில் கேட்கவில்லை, அது நடுங்கியதா, ஆடியதா என்று நின்று பார்க்க அவனுக்கு அவகாசமும் இல்லை. கேட்காததைக் கொடுப்பதும், வேண்டுமா என்று பாராமல் கொடுப்பதும்தான் வள்ளன்மையின் உச்சம் என்று அன்றைக்கே தீர்ப்பாகிவிட்டது. அந்தப் பரம்பரை கடையெழு வள்ளல்களோடு அற்றுப்போனதாகத் தமிழாசிரியர்கள் பாடம் நடத்துகிறார்கள். பாவம், அவர்கள் யாரும் அமெச்சூர் புகைப்படக் கழகங்களின் மாதாந்திரக் கூட்டத்துக்குப் போனதில்லை போலிருக்கிறது.

போனால் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மாலை. இரவல் வாங்கிய பள்ளி வகுப்பறை, கரும்பலகையை மறைத்துக் கட்டிய திரை, மூக்கால் அழும் புரொஜெக்டர், பேப்பர் கப்பில் டீ. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, பல் டாக்டர், ஐ.டி. கம்பெனிக்காரர், கல்யாண ஸ்டுடியோ வைத்திருப்பவர், பின்வரிசையில் கல்லூரிப் பிள்ளைகள். ஆளுக்கு இரண்டு படம் திரையில் ஏறும். பிறகு செயலாளர் விளக்கைப் போட்டு, “கருத்து சொல்றவங்க சொல்லலாம்” என்பார். அந்த நொடியில் எழுந்து நிற்கிறார்கள் பேகன்கள், ஒருவர் பின் ஒருவராக, கை நிறையப் போர்வைகளோடு.

சென்னைக்கு இதில் பழம்பெருமையும் உண்டு. புகைப்படம் என்ற ஒன்று உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது 1839-இல். இருபது வருஷம்கூட ஆகவில்லை. 1850-இல் இங்கே கலைப்பள்ளி தொடங்கிய டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர், அதே பத்தாண்டிலேயே சென்னையில் ஒரு புகைப்படச் சங்கமும் உருவாக முன்னின்றார். தட்டில் ரசாயனம் பூசி, காய்வதற்குள் ஓடிப்போய்ப் படமெடுத்து, இருட்டறைக்குள் கழுவிக் கைவிரல் கறுத்த காலம் அது. இன்றைக்கு அந்தச் சிரமமெல்லாம் போய்விட்டது. விரலும் கறுப்பதில்லை, நேரமும் மிச்சம். மிச்சமான நேரத்தை எல்லாம் நம்மவர்கள் கருத்து சொல்வதற்கு ஒதுக்கியிருக்கிறார்கள். இந்தத் தியாகத்துக்கு இதுவரை ஒரு பொன்னாடைகூடப் போர்த்தாதது நம் நன்றிகெட்டதனம். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இந்தக் கட்டுரை.

வள்ளல்களின் பெருமையைப் பொத்தாம்பொதுவாகச் சொன்னால் விளங்காது. ஒரு படத்தை வைத்துக்கொள்வோம். கல்லூரிப் பையன் ஒருவன் விடியற்காலை காசிமேட்டுக்குப் போகிறான். ஏலம் முடிந்து, வாங்கிய சங்கராவை அலுமினிய அன்னக்கூடையில் கொட்டிக்கொண்டு நிற்கிறார் மீன் விற்கும் ஓர் அம்மா. எதையோ பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறார். பையன் ஷட்டரை அழுத்திவிடுகிறான். பின்னால் விசைப்படகின் கம்பம் ஒன்று அவர் தலையிலிருந்து முளைத்தது போல நிற்கிறது. தரை கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. சிரிப்பில் தலை ஆடியதால் முகம் லேசாகக் கலங்கியிருக்கிறது. இவ்வளவுதான் படம். இது திரையில் ஏறுகிறது.

முதலில் எழுபவர் “சூப்பர்” வள்ளல். இவர் அகராதியில் சொற்கள் குறைவு, மனசு பெரிசு. “செம ஃப்ரேம் தம்பி! அல்டிமேட்! கீப் இட் அப்!” படம் திரைக்கு முழுதாக வந்து சேர்வதற்குள் பாராட்டு வந்துவிடும். அவ்வளவு வேகம். சில சமயம் அடுத்தவர் படம் ஏறிய பிறகும் முந்தையவருக்கான பாராட்டே ஓடிக்கொண்டிருக்கும். அதனாலும் ஒன்றும் கெட்டுப்போவதில்லை, இரண்டுக்கும் பொருந்தும். இதை வெறும் புகழ்ச்சி என்று எண்ணுவோர் ஊர் வழக்கம் அறியாதவர்கள். இது மொய். இன்றைக்கு நான் உனக்கு ஒரு ‘சூப்பர்’ எழுதினேன். அடுத்த மாதம் என் பருந்துப் படம் ஏறும்போது நீ எனக்கு ஒரு ‘சூப்பர்’ எழுத வேண்டும். நோட்டுப் போட்டு எழுதாவிட்டாலும் கணக்கு எல்லோர் மனசிலும் இருக்கும். நூறு வைத்தவருக்கு நூற்றொன்றாகத் திருப்புவது மரபல்லவா? ‘சூப்பர்’ வாங்கியவர் ‘மாஸ்டர்பீஸ்’ என்று திருப்புகிறார்; அது மறுபடி ‘ஸ்பீச்லெஸ்’ ஆகத் திரும்பி வருகிறது. இப்படியே நாலைந்து சுற்று போனால், அந்த வகுப்பறையில் இருக்கும் அத்தனை பேரும் மேதைகள். கல்யாண வீட்டில் சாப்பாடு எப்படி இருந்தது என்று மொய் எழுதுகிறவரிடம் யாரும் கேட்பதில்லை. கேட்பது நாகரிகமும் இல்லை.

அடுத்தவர் கருவி வள்ளல். இவர் கேள்வி ஒன்றுதான்: “என்ன லென்ஸ் தம்பி?” பையன் சொல்கிறான், கேமரா வாங்கியபோது கூடவே கொடுத்த கிட் லென்ஸ். வள்ளல் முகத்தில் பெற்ற பிள்ளையின் காய்ச்சலைப் பார்த்த கவலை. “அதான்! அதான் முகம் ஷார்ப்பா இல்லை. எண்பத்தஞ்சு எம்.எம். பிரைம் ஒண்ணு வாங்கிடு. பேக்ரவுண்ட் வெண்ணெய் மாதிரி கரையும்.” எவ்வளவு தெளிவான நோயறிதல்! அந்த அம்மாவின் தலை ஆடியதால் வந்த கலக்கத்தை விலையுயர்ந்த கண்ணாடி ஒன்று எப்படிக் குணப்படுத்தும் என்று கேட்பது சிற்றறிவு. ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் போதும், அதற்குக் காசு செலவில்லை என்பதும் உண்மைதான். ஆனால் காசு செலவில்லாத யோசனைக்கு யார் மதிப்புக் கொடுப்பார்கள்? அரைமாதச் சம்பளத்தை விழுங்குகிற ஆலோசனையில்தான் கனம் இருக்கிறது.

நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் சென்னையில் இருந்துகொண்டு காடுகாடாய் அலைந்து யானைகளைப் படமெடுத்தவர். கடைசிவரை கறுப்பு வெள்ளையை விடவில்லை. பல கேமராக்களின் பாகங்களைத் தாமே சேர்த்து இணைத்து, ‘சூப்பர் பாண்டரோஸா’ என்று விளையாட்டாகப் பெயரிட்ட ஒரு கருவியைத் தூக்கிக்கொண்டு திரிந்தார். நல்லவேளை, 1996-இல் காலமாகிவிட்டார். இன்றைக்கு இந்தக் கூட்டத்துக்கு வந்திருந்தால், அந்த ஒட்டுப்போட்ட பெட்டியைப் பார்த்து நம் வள்ளல்கள் எவ்வளவு இரக்கப்பட்டிருப்பார்கள்! யானையைப் பார்க்க யாருக்கும் நேரம் இருந்திருக்காது.

மூன்றாமவர் விதி வள்ளல். கையில் கற்பனை அளவுகோல் இல்லாமல் இவர் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை. படம் திரையில் ஏறியதும் மனசுக்குள் நீளவாட்டில் இரண்டு கோடு, குறுக்குவாட்டில் இரண்டு கோடு போட்டுவிடுவார். ஒன்பது கட்டம். அந்த அம்மாவின் முகம் கட்டத்தின் சந்தியில் விழவில்லை. “ரூல் ஆஃப் தேர்ட்ஸ் மிஸ்ஸாயிடுச்சே தம்பி. முகம் நடுவுல வந்துடுச்சு. ஹொரைசனும் சாயுது.” உட்கார்ந்துவிடுவார். பேரமைதி. தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

இந்த விதியின் வயசைப் பார்த்தால்தான் அவருடைய பெருந்தன்மை விளங்கும். 1797-இல் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற லண்டன் செதுக்கோவியர், கிராமத்துக் காட்சிகளை வரைவது பற்றி எழுதிய நூலில் இந்தப் பெயரைச் சூட்டினார். புகைப்படம் பிறப்பதற்கு நாற்பத்திரண்டு வருஷம் முன்பு. அவர் பேசியது நிலக்காட்சி ஓவியத்தில் வானத்துக்கு எவ்வளவு இடம், தரைக்கு எவ்வளவு இடம், வெளிச்சத்துக்கு எவ்வளவு, நிழலுக்கு எவ்வளவு என்று. இங்கிலாந்து வயல்வெளி ஓவியத்துக்குச் சொன்ன யோசனையைக் காசிமேட்டு மீன்காரம்மாவின் நெற்றியில் பொருத்திப் பார்க்க எவ்வளவு விசாலமான மனசு வேண்டும்!

சாய்ந்த தொடுவானத்தைக் கண்டுபிடிப்பதிலும் இவருக்கு உலகளாவிய முன்னோர் உண்டு. ஸ்விட்சர்லாந்தில் பிறந்த ராபர்ட் ஃபிராங்க் 1955-இல் கிடைத்த உதவித்தொகையில் அமெரிக்கா முழுக்கக் காரோட்டிக்கொண்டு போய் எடுத்த படங்களில் 83-ஐத் தொகுத்து ‘தி அமெரிக்கன்ஸ்’ என்று வெளியிட்டார். பாரிஸில் 1958-இல், அமெரிக்காவில் 1959-இல். அங்கே இருந்த ‘பாப்புலர் ஃபோட்டோகிராஃபி’ பத்திரிகைக்காரர்கள் அந்தப் புத்தகத்தில் மங்கலையும் குருணையையும் கலங்கிய எக்ஸ்போஷரையும் குடிகாரன் போலச் சாய்ந்த தொடுவானத்தையும் தவறாமல் கண்டுபிடித்தார்கள். அவர்கள் சொன்ன அத்தனையும் உண்மை. படங்கள் மங்கல்தான், சாய்ந்துதான் இருந்தன. இன, வர்க்கப் பிளவோடு, தனிமையோடு ஒரு தேசம் அந்தப் படங்களில் உட்கார்ந்திருந்தது; அது மட்டும் அவர்கள் கண்ணில் படவில்லை. தொடுவானத்தைப் பார்க்கும்போது தேசத்தையும் சேர்த்துப் பார் என்றால் முடிகிற காரியமா? அந்தப் புத்தகம் இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த புகைப்பட நூல்களில் ஒன்றாகப் பிற்பாடு ஆனது விமர்சகர்கள் குற்றமல்ல.

முகம் ஷார்ப்பாக இல்லை என்று கவலைப்பட்ட கருவி வள்ளலுக்கு இன்னும் தொன்மையான வம்சாவளி. ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற அம்மாளுக்கு 1863 டிசம்பரில் மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 48. வீட்டுக் கோழிக்கூண்டையே ஸ்டுடியோவாக்கிக்கொண்டு, வந்தவர் போனவர் வேலைக்காரர் கவிஞர் எல்லோரையும் உட்காரவைத்து எடுத்தார். முகம் வேண்டுமென்றே கலங்கியிருக்கும். தட்டில் கீறலும் கைரேகையும் அப்படியே இருக்கும். 1865-இல் லண்டன் புகைப்படச் சங்கத்தின் சஞ்சிகை இந்த அம்மாளுக்குத் தொழில் தெரியவில்லை என்கிற பொருளில் கண்டித்து எழுதியது. அந்தச் சங்கத்தில் அவரைவிடச் சுத்தமாகத் தட்டுக் கழுவியவர்கள் ஏராளம். அவர்கள் படங்கள் ஊசிமுனைக் கூர்மையோடு இருந்தன. அவர்கள் பெயர்தான் இப்போது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. கேமரன் 1875-இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்து, அங்கே தோட்டத் தொழிலாளர்களையும் படமெடுத்து, 1879-இல் அங்கேயே இறந்தார். கடைசிவரை ஃபோகஸ் திருந்தவில்லை. நல்ல புத்தி சொல்லியும் கேளாதவர்களை என்ன செய்வது?

“நானா இருந்தா” வள்ளலைத் தனியாகக் கும்பிட வேண்டும். இவர் படத்தைக் குறை சொல்வதே இல்லை. அதை எடுத்தவனை நீக்கிவிட்டுத் தம்மை அங்கே நிறுத்திவிடுகிறார். “நானா இருந்தா கீழ உக்காந்து எடுத்திருப்பேன். நானா இருந்தா பின்னாடி சூரியன் வர்ற வரைக்கும் வெயிட் பண்ணியிருப்பேன். நானா இருந்தா அந்தம்மாவக் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பச் சொல்லியிருப்பேன்.” அவர் போகவில்லை. காலை நாலு மணிக்குக் காசிமேட்டில் அவர் இல்லை, படுக்கையில் இருந்தார். இருந்தாலும் அவர் எடுக்காத அந்தப் படம் எவ்வளவு நேர்த்தி! இந்தக் கழகத்தில் இதுவரை காட்டப்பட்ட படங்களிலேயே சிறந்தவை அவர் எடுக்காத படங்கள்தான்.

கூடவே க்ராப் வள்ளலும் எழுவார்: “இடதுபக்கம் அந்த ஐஸ்பெட்டி டிஸ்ட்ராக்ட் பண்ணுது. க்ராப் பண்ணிடு.” இவருக்கு எதிராக எழுவார் தூய்மை வள்ளல்: “க்ராப் பண்றது ஏமாத்து வேலை சார். கார்த்தியே-பிரெஸ்ஸோன் ஒரு இஞ்ச்கூட வெட்ட மாட்டாரு.” இரண்டு பேருக்கும் இடையில் டீ ஆறும்வரை வாக்குவாதம். இருவரும் கல்வியாளர்கள். ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் படத்தை வெட்டுவதை வெறுத்தது உண்மை. 1932-இல் பாரிஸின் சேன்-லசார் ரயில்நிலையத்துக்குப் பின்னால், தேங்கிய தண்ணீரைத் தாண்டிக் குதிக்கும் மனிதரை அவர் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றதும் உண்மை. வேலிப் பலகை இடுக்கு வழியாக எடுத்ததால் இடதுபக்கம் பலகை வந்துவிட்டது. அதை வெட்டித்தான் அந்தப் படம் அச்சானது என்பதும் உண்மை. குதிக்கிற மனிதரும் கலங்கித்தான் இருக்கிறார். விதிக்கும் விலக்குக்கும் ஒரே மனிதரிடம் ஆதாரம் கிடைக்கும்போது, இரண்டு வள்ளல்களும் சாகும்வரை சண்டை போடலாம். அதற்குள் மீன்காரம்மாவின் படம் திரையிலிருந்து இறங்கி வெகுநேரமாகியிருக்கும்.

“இது எடிட் பண்ணதா, ஒரிஜினலா?” என்று கேட்கும் நீதிமான்கள் தமிழ்நாட்டுப் புகைப்பட வரலாற்றின் முதல் பக்கத்தைத் தயவுசெய்து புரட்ட வேண்டாம். மனசு உடைந்துபோகும். 1850-களின் கடைசியில் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக மதுரையையும் தஞ்சாவூரையும் எடுத்த ராணுவ அதிகாரி லின்னேயஸ் ட்ரைப், காகித நெகட்டிவில் வானம் வெறும் வெள்ளையாக விழுவதைப் பார்த்துவிட்டு, அதே நெகட்டிவில் வண்ணம் தீட்டி மேகம் போட்டார். நாம் இன்றைக்கு வியந்து பார்க்கும் அந்தக் கோபுரங்களின் மேல் நிற்கும் மேகங்களில் பல, மழைக்குச் சம்பந்தமில்லாதவை. நம் நீதிமான்கள் அன்றைக்கு இருந்திருந்தால் அரசாங்கத்துக்கு ஒரு புகார் மனுவாவது போயிருக்கும்.

இனி, வள்ளல்களின் பண்பாட்டைச் சொல்ல வேண்டும். முதியவர்களின் முகம் திரையில் வந்தால் கூட்டம் உருகிவிடும். “என்னா டெக்ஸ்சர்! சுருக்கம் ஒவ்வொண்ணும் ஒரு கதை சொல்லுது பாருங்க!” அந்த முகத்துக்கு ஒரு பெயர் உண்டா, எந்த ஊர், படமெடுக்கச் சம்மதம் கேட்டானா, எடுத்ததைக் காட்டினானா என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். அடுத்தவர் சொந்த விஷயத்தில் தலையிடாத அந்த நாகரிகம் இருக்கிறதே! சுருக்கம் ஒவ்வொன்றும் கதை சொல்கிறது. ஆனால் ஒன்றைக்கூடக் காது கொடுத்துக் கேட்டு அந்தப் பெரியவரைத் தொந்தரவு செய்வதில்லை. ஆலமரத்தடியில் ஆட்டுமந்தையை இப்படியும் அப்படியுமாக ஓடவிட்டு, புழுதி எழுந்து வெயில் கற்றை கற்றையாக விழும்வரை மேய்ப்பரை நடக்கவைத்து, ஒரு பஸ் நிறையப் பேர் ஒரே இடத்தில் நின்று ஒரே படத்தை எடுத்து வந்தாலும், “இயற்கையான தருணம்” என்று ஒருவருக்கொருவர் பாராட்டிக்கொள்கிறார்கள். ஒற்றுமைக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

படம் காட்டுவது ஒரு பெண்ணாக இருந்தால் வள்ளன்மை மடை திறக்கும். “தங்கச்சி, இந்த லென்ஸ் ரொம்ப கனமா இருக்குமே? எப்படித் தூக்கிட்டுப் போனீங்க? தனியாவா போனீங்க? வீட்டுல ஒண்ணும் சொல்லலையா?” லென்ஸின் எடை, வழித்துணை, குடும்பச் சூழல் என்று எதையும் விட்டுவைக்காத பரிவு. படத்தைப் பற்றி ஒரு வார்த்தை வராது. அதில் என்ன இருக்கிறது, படம் எங்கே ஓடிப்போகிறது?

இந்தச் சில்லறைக் கொடையெல்லாம் போதாது, உலக அளவில் மதிப்பீடு வேண்டும் என்பவர்களுக்குச் சலோன்கள் இருக்கின்றன. 1950-இல் தோன்றிய ஃபியாப் என்ற உலகக் கூட்டமைப்பின் ஆதரவில் நாடுதோறும் நடப்பவை. கட்டணம் கட்டிப் படம் அனுப்பினால், மூன்று நடுவர்கள் முன்னால் அது சில விநாடி தோன்றி மறையும். மூவரும் பட்டனை அழுத்துவார்கள். பிறகு மின்னஞ்சலில் ஓர் அட்டை வரும். அதில் ஓர் எண் இருக்கும். ஏற்புக்கு வேண்டிய எண்ணுக்கு ஒன்று குறைவு. ஏன் குறைந்தது, எது குறைந்தது என்ற ஒரு சொல் இருக்காது. சொற்கள் மனசைப் புண்படுத்தும், எண் புண்படுத்தாது. அந்தக் கருணையை மெச்ச வேண்டும். ஏற்புகளை எண்ணிக்கையாகச் சேர்த்துக்கொண்டே போனால் பெயருக்குப் பின்னால் எழுத்துகள் முளைக்கும். எழுத்து முளைத்தவர் அடுத்த கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்வார். அவரிடம் காரணம் கேட்பது மரியாதைக் குறைவு. அவருக்கும் யாரும் காரணம் சொன்னதில்லை.

கொடுப்பவர்களை மட்டும் புகழ்ந்து வாங்குபவர்களை விட்டால் பாவம். புலவனில்லாமல் வள்ளலுக்கு ஏது புகழ்? “ஓப்பனா சொல்லுங்க சார், நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்க மாட்டேன்” என்று தொடங்குகிறாரே, அந்தத் திறந்த மனசுதான் இந்தக் கலையின் அஸ்திவாரம். யாராவது உண்மையிலேயே ஓப்பனாகச் சொல்லிவிட்டால் அந்த மனசு எவ்வளவு வேகமாக மூடிக்கொள்கிறது என்று பார்ப்பதும் ஒரு கலையனுபவம். “சார், நீங்க சொல்றது கரெக்ட்டுதான், ஆனா அந்த எடத்துல நீங்க நின்னிருந்தா தெரியும்.” பிறகு வரலாறு தொடங்கும். சிங்கவால் குரங்கைப் பிடிக்க வால்பாறையில் மழையில் நனைந்தது, சாக்ஸுக்குள் அட்டை ஏறியது, வண்டி பஞ்சரானது, காய்ச்சலில் படுத்தது. கதையில் எல்லாம் இருக்கிறது. படத்தில் குரங்கின் முதுகு மட்டும் இருக்கிறது. அட்டை கடித்த கால் ஃப்ரேமுக்குள் வராதது பார்ப்பவர்கள் தப்பல்லவா? இப்படி ஒருமுறை விளக்கம் வாங்கியவர்கள் அடுத்த மாதம் வாயைத் திறப்பதில்லை. “சூப்பர்” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். ‘சூப்பர்’ வள்ளல்களில் பாதிப்பேரை உண்டாக்கியவர்கள் இந்தத் திறந்த மனசுக்காரர்களே. வேறொருவர் நாற்பது படத்தைப் பென்டிரைவில் கொண்டுவந்து, “இதுல எது பெஸ்ட்னு நீங்களே சொல்லிடுங்க” என்பார். தம் படத்தைத் தாமே ஒருதரம் பார்த்துக் கழிக்கும் வேலையையும் பிறருக்குத் தானமாகத் தருகிறவர். இன்னொருவர் சொன்னதையெல்லாம் கேட்பார்: ஒருவர் சொன்னார் என்று வெட்டி, இன்னொருவர் சொன்னார் என்று கறுப்பு வெள்ளையாக்கி, மூன்றாமவர் சொன்னார் என்று வானத்தைக் கறுக்கவைத்து, கடைசியில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒரு படத்தைக் கொண்டுவருவார். அதில் அவர் மட்டும் இருக்க மாட்டார்.

இவ்வளவு சிறப்பாக நடக்கும் சபையைக் கெடுக்கவென்றே ஓர் அம்மாள் வருகிறார். ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை. சுத்த இடைஞ்சல். படம் திரையில் ஏறினால் உடனே கையைத் தூக்க வேண்டும் என்கிற சபை மரியாதைகூடத் தெரியாது, பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார். “அடுத்தது போடலாமா டீச்சர்?” என்றால், “இருப்பா, பாத்துக்கிறேன்” என்பார். எல்லோருடைய நேரமும் வீண். கேமரா என்ன என்று கேட்கிற அக்கறை கிடையாது. நன்றாயிருக்கிறது, நன்றாயில்லை என்று ஒரு தீர்ப்பாவது சொல்கிறாரா என்றால் அதுவும் இல்லை. தம் கண் முதலில் எங்கே போயிற்று, அங்கிருந்து எங்கே போயிற்று, எங்கே போய் மாட்டிக்கொண்டது என்று மட்டும் சொல்வார். கண் போன வழியைச் சொல்வதெல்லாம் ஒரு விமர்சனமா?

காசிமேட்டுப் பையன் படத்திலும் அதைத்தான் செய்தார். கம்பம், சாய்வு, கிட் லென்ஸ், ஐஸ்பெட்டி என்று சபை ஒருமனதாகத் தீர்த்துவைத்த பிறகு, போகாத ஊருக்கு வழி கேட்பது போலக் கேட்டார்: “முதல்ல சிரிப்புக்குத்தான் போனேன். அங்கேருந்து அவங்க பாக்கிற பக்கம் போனேன், படம் முடிஞ்சுபோச்சு. அவங்க யாரைப் பாத்துப்பா சிரிக்கிறாங்க?”

பையன் திடுக்கிட்டான். “எதிர்ல இன்னொரு அம்மா, டீச்சர். பாதி விலைக்குக் கேட்டாங்க. அதுக்குத்தான் இவங்க அப்படிச் சிரிச்சாங்க.”

“உனக்கு அங்க பிடிச்சது இவங்க முகமா, அந்தப் பேரமா?”

அவன் யோசித்துவிட்டு, “பேரம்தான்” என்றான்.

“அதுக்கு முன்னாடி, பின்னாடி எடுத்தது இருந்தா காட்டேன்.”

காட்டினான். அடுத்தடுத்து எடுத்ததில் ஒன்றில் எதிர்க்கை நீண்டிருந்தது, முகம் வெட்டுப்பட்டு. இரண்டடி பின்னால் வந்திருந்தால் இரண்டு பேரும் உள்ளே வந்திருப்பார்கள், கம்பமும் தலையை விட்டு விலகியிருக்கும் என்று அவனே கண்டுபிடித்தான். அந்த அம்மாள் அதைக்கூடச் சொல்லவில்லை. ஒரு யோசனையும் தராமல், ஒரு விதியும் எடுத்தோதாமல், ஒரு லென்ஸும் சிபாரிசு செய்யாமல் மூன்று கேள்வி கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார். பையன் அடுத்த வாரம் மறுபடியும் காசிமேட்டுக்குப் போனதுதான் மிச்சம். அந்த மீன்காரம்மாவின் பெயரையும் கேட்டுக்கொண்டு வந்தான். பழைய படத்தில் ஒரு பிரதி போட்டு அவரிடம் கொடுத்தான். அனாவசியச் செலவு. இப்படிப் பிள்ளைகளைக் கெடுக்கிறவர் என்பதால்தான் ஆண்டுப் போட்டிக்கு அந்த அம்மாளை நடுவராக அழைப்பதில்லை என்று செயற்குழு முடிவெடுத்திருக்கிறது. சரியான முடிவு. ஒரு படத்துக்கு இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டால் போட்டி எப்போது முடிவது?

ஆகவே, புதிதாகக் கேமரா வாங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஊரிலும் இப்படி ஒரு கழகம் நிச்சயம் இருக்கும். தயங்காமல் சேருங்கள். உங்களுக்குப் பிடித்த படத்தைத் துணிந்து கொண்டுபோய்த் திரையில் காட்டுங்கள். உங்கள் கேமராவைப் பற்றி, லென்ஸைப் பற்றி, ஒன்பது கட்டத்தைப் பற்றி, வெட்டுவதைப் பற்றி, வெட்டாததைப் பற்றி, கருத்துச் சொல்பவரைப் பற்றியே நிறையத் தெரிந்துகொள்வீர்கள். படத்துக்கு என்ன ஆகுமோ என்று மட்டும் பயப்படாதீர்கள். அதற்கு ஒரு சேதமும் வராது. அதை யாரும் பார்க்கப் போவதில்லை.